அப்பாவுக்கு, நகராட்சிக் கூட்டத்திலிருந்து

மே 24

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல்லுங்கள். நன்றாகத் தெரிகிறது என்று பாதியில் நிறுத்திவிடுவாள்.

போன வாரம் போனில் நீங்கள் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. மாமா பேசினால் சம்பளத்தைக் கேட்பார், சித்தி குளிரைக் கேட்பாள். "உங்கள் ஊரில் ரோடு யார் போடுகிறார்கள், எந்தத் தலைப்பில் பணம் வருகிறது?" என்று கேட்பவர் நீங்கள் ஒருவர்தான். பேரூராட்சி ஆபீஸை விட்டு வந்து இத்தனை வருஷம் ஆகியும் அந்த ஆபீஸ் உங்களை விட்டபாடில்லை. அதைப் போனில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

எட்டு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் எனக்கே தெரிந்திருக்காது. பாப்பாவின் பள்ளிக்கூடத்து வாசலில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அங்கே ரோட்டைக் கடக்க வெள்ளைக் கோடு மட்டும் போட்டிருக்கிறார்கள். விளக்கு கிடையாது. அக்டோபரில் ஒரு நாள் காலை, நாங்கள் பாதி ரோட்டில் இருக்கும்போது ஒரு லாரி சடாரென்று பிரேக் போட்டு, எங்களுக்கு இரண்டு அடி தள்ளி நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். பாப்பா பயப்படவேயில்லை. அன்று முழுக்க என் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது.

யாரிடம் சொல்வது என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கவுன்சில் கூட்டம் இருக்கிறது, போய்ச் சொல் என்றார்கள். எனக்கு இங்கே ஓட்டு இல்லையே, வேலை விசாதானே என்றேன். அது தேவையில்லை என்றார்கள். உண்மைதான். கலிஃபோர்னியாவில் 1953இலிருந்து பிரௌன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கூட்டத்தில் எதைப் பேசப் போகிறார்கள் என்பதை 72 மணி நேரம் முன்பே ஒட்டிவிட வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், பேசவும் செய்யலாம். உள்ளே வர உன் பெயரைச் சொல் என்று கட்டாயப்படுத்தக்கூட முடியாது. எங்கள் ஊரில் ஆளுக்கு மூன்று நிமிடம். மேடைக்கு எதிரே சின்னப் பெட்டி ஒன்றில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள். சிவப்பு எரிந்தால் பாதி வாக்கியமானாலும் நிறுத்திவிட வேண்டும்.

பேசினேன். ஐந்து கவுன்சிலர்களும் தலையாட்டிக் கேட்டார்கள். ஆனால் ஒரு வார்த்தை பதில் இல்லை! எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்புறம்தான் ஒருவர் விளக்கினார்: அன்றைய பட்டியலில் இல்லாத விஷயத்தில் அவர்கள் முடிவெடுக்கக் கூடாது, அதே சட்டம்தான் தடுக்கிறது. பட்டியலில் இல்லாத பொருளைக் கடைசி நிமிடத்தில் நுழைத்துத் தீர்மானம் போட்ட கதைகள் உங்களிடம் எத்தனை இருக்கும்! யோசித்துப் பார்த்தால், என் வாயை அடைத்த அதே விதி அந்தத் திருட்டையும் அடைக்கிறது. சரி என்று வந்துவிட்டேன்.

மேயர் என்றதும் காரும் சங்கிலியும் நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஐந்து பேரே வருஷத்துக்கு ஒருவராக மேயர் நாற்காலியில் மாறி மாறி உட்காருகிறார்கள். இப்போதைய மேயர் பகலில் பல் டாக்டர். நிஜமாக ஊரை நடத்துவது சிட்டி மேனேஜர். உங்கள் செயல் அலுவலர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் என்னவென்றால் அவரை மேலே இருந்து யாரும் அனுப்புவதில்லை. கவுன்சிலே விளம்பரம் கொடுத்துத் தேடி, ஒப்பந்தம் போட்டு வேலைக்கு வைக்கிறது. பிடிக்காவிட்டால் அனுப்பியும் விடுகிறது.

அதில் ஆபத்தும் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் பெல் என்று ஒரு சின்ன நகரம், வசதியில்லாத ஜனங்கள் வாழும் ஊர். அங்கே சிட்டி மேனேஜராக இருந்த ராபர்ட் ரிஸ்ஸோ வருஷத்துக்கு ஏறக்குறைய எட்டு லட்சம் டாலர் சம்பளம் வாங்கியது 2010இல் பத்திரிகையில் வந்தது. நாட்டின் ஜனாதிபதி சம்பளமே நாலு லட்சம்தான். கவுன்சிலர்களும் பங்கு பார்த்திருந்தார்கள். பலர் ஜெயிலுக்குப் போனார்கள். அதற்கப்புறம் நகராட்சி ஊழியர் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு சம்பளம் என்பதை மாநிலக் கணக்கு அதிகாரியே இணையத்தில் போட ஆரம்பித்தார். எங்கள் ஊர் மேனேஜருடையதையும் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம், வயிறு கொஞ்சம் எரிந்தது.

இப்போது பணம். சொத்து வரிதான் பெரிய வரவு என்று நினைப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். 1978இல் மக்களே ஓட்டுப்போட்டு ப்ரொபொசிஷன் 13 என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அடிப்படை வரி வீட்டு மதிப்பில் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த மதிப்பையும் வருஷத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. வீடு கைமாறினாலோ புதிதாகக் கட்டினாலோதான் புது மதிப்பு. இதனால் வருகிற வேடிக்கையைப் பாருங்கள்: பக்கத்து வீட்டுப் பாட்டி அந்த வீட்டுக்கு வந்து நாற்பது வருஷம் ஆகிறது. எதிர் வீட்டுத் தம்பதி வந்து இரண்டு வருஷம். இரண்டு வீடும் ஒரே அச்சு. வரியில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வரி சீராய்வு என்று வீடு வீடாக டேப்பைப் பிடித்துக்கொண்டு நடந்த உங்களுக்கு இது அநியாயமாகத் தெரியும். பாட்டியைக் கேட்டால், இது இல்லாவிட்டால் எப்போதோ வீட்டை விற்றுவிட்டுப் போயிருப்பேன் என்கிறார். எனக்கு இரண்டு பக்கமும் சரியாகத்தான் படுகிறது.

அந்த வரியையும் வசூலிப்பது நகராட்சி இல்லை, கவுண்டி. நம் மாவட்டம் மாதிரி. பள்ளிக்கூடம், கவுண்டி என்று எல்லோருக்கும் பங்கு போனது போக நகரத்துக்கு வருவது கொஞ்சம்தான். அதனால் ஊர்கள் விற்பனை வரியை நம்பியிருக்கின்றன. மாநிலம் முழுக்க அடிப்படை 7.25 சதவீதம், அதில் ஒரு சதவீதம் கடை இருக்கிற ஊருக்கு. கார் விற்கிற ஷோரூம் ஒன்று எங்கள் ஊருக்கு வருமா, அடுத்த ஊருக்குப் போகுமா என்று இங்கே ஏன் அப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்று இப்போதுதான் புரிந்தது.

செலவில் போலீஸும் தீயணைப்பும் பெரும்பங்கைத் தின்றுவிடுகின்றன. அடுத்தது பென்ஷன். பென்ஷன்காரரான உங்களிடம் இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் கலிஃபோர்னியாவில் பல ஊர்களின் கழுத்தை நெரிப்பது அதுதான். எங்கள் பள்ளத்தாக்கிலேயே இருக்கிற ஸ்டாக்டன் 2012இல் திவால் மனு கொடுத்தது. நகரம் திவாலாகுமா என்று கேட்காதீர்கள், ஆகிறது. அதற்கு முன்னால் 2008இல் வலேஹோ என்ற நகரமும் கொடுத்திருக்கிறது.

தண்ணீர்க் கணக்கு தனி, கழிவுநீர்க் கணக்கு தனி. தண்ணீருக்கு வாங்கிய காசை எடுத்துப் போலீஸ் ஜீப் வாங்க முடியாது. கட்டணத்தை ஏற்ற வேண்டுமென்றால் 45 நாள் முன்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் கடிதம் போட வேண்டும். பாதிக்கு மேல் வீடுகள் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்தால் ஏற்றவே முடியாது. 1996இல் மக்கள் ஓட்டில் வந்த விதி. ஆனால் பாதிக்கு மேல் எழுதி யாராவது பார்த்திருக்கிறார்களா? எங்களுக்கு வந்த கடிதத்தை நானே விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டேன்.

ரோட்டுக்கு வருகிறேன், நீங்கள் அதற்காகத்தானே காத்திருக்கிறீர்கள். முதல் வருஷம் எனக்கு ஒன்று புரியவேயில்லை. எங்கள் தெரு முழுக்க முதலை முதுகு மாதிரி வெடித்துக் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு, இரண்டு தெரு தள்ளி நன்றாக இருக்கிற ரோட்டுக்குப் போய் மறுபடி கறுப்புப் பூச்சு பூசினார்கள். அங்கே யாரோ பெரிய ஆள் குடியிருக்கிறார், அதுதான் என்று தீர்மானித்துவிட்டேன். நம் ஊர் மூளை! கணக்கு வேறாம். ஊரில் உள்ள எல்லா ரோட்டுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டு வைத்திருக்கிறார்கள். புது ரோடு பல வருஷம் மெதுவாகத்தான் தேயும், ஒரு கட்டத்துக்கு அப்புறம் மளமளவென்று விழும். விழுவதற்கு முன்னால் தார்ப்பாலும் நுண்ஜல்லியும் கலந்த மெல்லிய பூச்சு பூசினால் விரிசலில் தண்ணீர் இறங்காது, ரோடு இன்னும் சில வருஷம் தாங்கும். விழுந்த ரோட்டை அடியோடு தோண்டிப் போடுவதற்கு அதைவிடப் பல மடங்கு ஆகும். ஒரு கெட்ட தெருவைச் சரிபண்ணுகிற காசில் பல நல்ல தெருக்களைக் காப்பாற்றிவிடலாம். "தண்ணீர்தான் ரோட்டுக்கு எமன்" என்று நீங்கள் சொல்வீர்களே, அதே சங்கதிதான். நியாயம் புரிகிறது. ஆனால் எங்கள் தெரு ஏற்கனவே செத்த கணக்கில் இருப்பதால் அதன் முறை எப்போது வருமோ தெரியாது.

ரோட்டுப் பணத்தில் ஒரு பகுதி பெட்ரோல் வரியிலிருந்து வருகிறது. 2017இல் மாநிலம் அதை ஒரு கேலன் பெட்ரோலுக்கு 12 சென்ட் ஏற்றியது. அந்தப் பங்கு வேண்டுமென்றால் எந்தெந்த ரோட்டு வேலைக்கு என்று ஒவ்வொரு வருஷமும் கூட்டத்தில் வைத்துத் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும். தலைப்பு கேட்டீர்களே, இதோ தலைப்பு.

என் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நவம்பரில் பள்ளிக்கூடத்து ரோட்டின் குறுக்கே இரண்டு கறுப்பு ரப்பர் குழாய்களைப் போட்டுவைத்தார்கள். வண்டி ஏறினால் எண்ணிக்கையும் வேகமும் பதிவாகும். எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம்தான் தெரிந்தது, இங்கே வேக வரம்பை வைப்பதே, நூறு வண்டியில் 85 வண்டி எந்த வேகத்துக்குள் போகிறதோ அதை வைத்துத்தானாம். எல்லோரும் பறந்தால் வரம்பும் பறக்கும்! நல்லவேளையாகப் பிள்ளைகள் நடமாடும் நேரத்தில் பள்ளி வாசலில் 25 மைல் என்று தனி விதி இருக்கிறது. ஆனால் என் லாரிக்காரர் அந்தப் பலகையைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்த மாதம் புது பட்ஜெட் வரைவு வந்தது. இங்கே நிதியாண்டு ஜூலை 1க்கு ஆரம்பம். இருநூறு பக்கத்துக்கு மேல், யாரும் எடுத்துப் படிக்கலாம். பட்ஜெட் கூட்டத்துக்குப் பொதுமக்கள் என்று வந்தது ஏழு பேர். அதிலும் நாலு பேர் பிக்கிள்பால் சத்தத்தைப் பற்றிப் பேச வந்தவர்கள். அது டென்னிஸ் மாதிரி ஓர் ஆட்டம், மட்டை பட்டால் டொக்டொக்கென்று கேட்கும். பூங்காவை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குத் தூக்கம் போகிறதாம். அந்தப் பஞ்சாயத்து ஒன்றரை மணி நேரம் ஓடியது. பட்ஜெட் பதினோரு நிமிடத்தில் முடிந்தது, நான் மணி பார்த்தேன்.

வரைவின் கடைசியில் ஐந்து வருஷத்து வேலைப் பட்டியல் இருக்கிறது. அதில் எங்கள் பள்ளிக்கூடத்து வாசலுக்கு, மின்னி மின்னி எரியும் மஞ்சள் விளக்கு இருந்தது! இரண்டாம் வருஷத்தில். உங்கள் மருமகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கைதட்டினார். அப்புறம் படுக்கப் போகும்போது உங்கள் பழக்கம் நினைவுக்கு வந்தது. எந்தக் கணக்கையும் ஒரு வருஷத்துப் புத்தகத்தை மட்டும் வைத்துப் பார்க்க மாட்டீர்களே. மூன்றை விரித்துவைத்து விரலால் கோடு இழுத்துக்கொண்டே போவீர்கள். எழுந்துபோய்ப் போன வருஷத்து பட்ஜெட்டைத் திறந்தேன். அதே விளக்கு, அதே வார்த்தைகள், அங்கேயும் இரண்டாம் வருஷத்தில். அதற்கு முந்தின வருஷத்திலும் அப்படியே. நான் வாய் திறப்பதற்கு வெகு முன்னாலிருந்தே அது பட்டியலில் இருந்திருக்கிறது. எப்போதும் இரண்டாம் வருஷத்தில்தான். கணக்கில் முதல் வருஷத்துக்கு மட்டும்தான் நிஜப் பணம், மற்ற நாலும் வெறும் எண்ணம்.

யாரும் எதையும் ஒளிக்கவில்லை அப்பா. எல்லாம் அச்சடித்து மேலேயே இருக்கிறது. மூன்று புத்தகத்தையும் சேர்த்துப் பார்த்த ஆள்தான் இல்லை.

ஜூன் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பொது விசாரணை. அப்புறம்தான் பட்ஜெட்டை நிறைவேற்றுவார்கள். இந்த முறை இது அன்றைய கூட்டத்துப் பட்டியலிலேயே இருக்கிற பொருள், அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன். மூன்று பக்கங்களையும் நகல் எடுத்து, ஐந்து கவுன்சிலர்களுக்கும் ஐந்து கட்டாகக் கோத்து வைத்திருக்கிறேன். அந்த வரியில் மஞ்சள் மையும் அடித்தாயிற்று. பேச்சையும் எழுதிவிட்டேன். சமையலறையில் நின்று பாப்பா போனில் நேரம் பிடித்தாள். மூன்று நிமிடம் இருபது விநாடி வருகிறது. வேகமாகப் படித்தால் என் இங்கிலீஷ் அவர்களுக்குப் புரியாது. ஏதாவது ஒன்றை வெட்ட வேண்டும். லாரி கதையை வெட்டுவதா, மூன்று வருஷக் கணக்கைச் சுருக்குவதா? பேச்சைத் தமிழில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். சிவப்பு மையில் அடித்து, போட்டோ எடுத்து, பதினைந்து நாளுக்குள் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்

பி.கு. வந்த அன்றே பேச்சை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். முதலில் அம்மாவுக்குச் சொட்டு மருந்து.