செயலாளரின் ஆண்டறிக்கை: சேப்பாக்கம் அரண்மனை ஓவியப் பிரதிகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சேப்பாக்கம் அரண்மனையையும் அதன் வளாகத்தையும் காட்டும் பழைய படங்களைப் பிரதியெடுத்து, அவற்றோடு நம் உறுப்பினர்கள் நேரில் பார்த்து வரைந்த புதிய ஓவியங்களையும் அச்சிட்டு, வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் குறைந்த விலையில் கொடுப்பதே இவ்வாண்டு சங்கத்தின் முதன்மைப் பணியாக இருந்தது.

படங்களின் காலத்தை உறுதிசெய்வதில்தான் தேர்வுக் குழு மிகுதியாக உழைத்தது. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக 1768-இல் எழுந்த இவ்வரண்மனை, 1855-இல் நவாப் பட்டம் ஒழிக்கப்பட்டபின் ஏலத்துக்கு வந்து, 1859-இல் சென்னை மாகாண அரசின் கைக்குப் போனது. அரண்மனையின் இரு பகுதிகளான ஹுமாயூன் மஹாலுக்கும் கலஸ் மஹாலுக்கும் இடையே இன்று நாம் காணும் கோபுரத்தை அதற்குப் பின்னரே ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் கட்டினார். ஆகவே கோபுரம் தெரியும் எந்தப் படமும் நவாப் ஆண்ட காலத்துக் காட்சி ஆகாது. அவ்வாறு எழுதி விற்கப்படும் படங்களைக் காணும்போது வருத்தமே மிஞ்சுகிறது. அரண்மனைக்கு அருகிலுள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லம் 1879-இல்தான் கட்டி முடிக்கப்பட்டது என்பதும், மெரினா உலாச்சாலை ஆளுநர் கிராண்ட் டஃப் காலத்தில் 1880-களில் அமைந்தது என்பதும் படத்தின் வயதைக் கணிக்க உதவின. இந்தக் குறிப்புகளை ஒவ்வொரு பிரதியின் பின்புறமும் அச்சிட்டிருக்கிறோம்.

பழைய அச்சுப் படங்கள் பலவற்றில் வண்ணம் கையால் தீட்டப்பட்டதால், ஒரே அச்சுத் தகட்டில் எடுத்த இரண்டு படிகளில்கூட வானத்தின் நீலம் ஒன்றுபோல் இராது. எனவே எந்தப் படியைப் பார்த்து நிறம் அமைத்தோமோ அதைக் குறிப்பிட்டோம். காலத்தால் பழுத்த தாளின் நிறத்தை வெளுக்கவும் இல்லை. அசலென்று எவரும் மயங்காதபடி அளவை மாற்றி, கீழே ‘பிரதி’ என்றும் பொறித்தோம்.

செலவு கூடினாலும் அமிலமற்ற பருத்தித்தாளையும் எளிதில் வெளிறாத பிக்மென்ட் மையையுமே பயன்படுத்தினோம். கடற்காற்றும் ஈரமும் மிக்க நம் ஊரில் கண்ணாடியோடு ஒட்டிய தாள் பூசணம் பிடித்துவிடும். பிரேம் போடுவோர் இடையே மவுண்ட் அட்டை வைத்து, நேர் வெயில் படாத சுவரில் மாட்ட வேண்டுகிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே தாக்கல் செய்வார்.

2012-இல் தீக்கிரையாகிப் பின்னர் சீரமைக்கப்பட்ட கலஸ் மஹாலை வரைந்த இளம் உறுப்பினர்களின் கோடுகளில் இருந்த நிதானம் என்னை மிகவும் மகிழ்வித்தது. அவற்றைத் தனித் தொகுப்பாகவே வெளியிட வேண்டும் என்பது என் கருத்து. அடுத்த ஆண்டு மதுரைத் திருமலை நாயக்கர் மஹாலை எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. 1792-இல் அங்கு சென்ற ஆங்கிலேய ஓவியர்களான தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் வரைந்து வெளியிட்ட காட்சிகள், 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் காலச் சீரமைப்புக்கு முந்தைய நிலையைக் காட்டுவதால், அவற்றை இன்றைய ஓவியங்களோடு இணைத்து அச்சிடுவதற்குப் பொதுக்குழு ஒப்புதல் அளிக்க வேண்டுகிறேன்.

செயலாளர்