கம்பியை அழிக்காதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

தண்டர்பேர்ட்ஸ் தொடரில் பொம்மைகளைத் தாங்குகிற கம்பிகளைக் கணினியில் அழித்து நீ அனுப்பிய பிரதி வெளியாவதில் எனக்குச் சம்மதம் இல்லை. அந்த பிரிட்டிஷ் டி.வி. பொம்மைத் தொடர் முதன்முதலில் ஒளிபரப்பானது 1965 செப்டம்பர் 30-இல். செப்டம்பர் 30 அன்று போட்டால் நாலு பேர் பார்ப்பார்கள் என்ற உன் கணக்கும் சரிதான். ஆனாலும் என் பெயரை அதில் போடாதே. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் பேசினால் பாதியில் யாருக்காவது கோபம் வந்துவிடுகிறது. அன்றைக்கு எல்லோர் முன்னாலும் உன் வேலையை 'வெள்ளையடிக்கிற வேலை' என்று நான் சொன்னது அதிகம். மன்னித்துக்கொள். சொன்ன இடத்துக்கும் தொனிக்கும்தான் இந்த மன்னிப்பு. சொன்ன விஷயத்தில் இருந்து நான் இறங்கி வரவில்லை.

உன் கை சுத்தம், அதை யாரும் மறுக்க முடியாது. கேமரா அசையாத ஷாட்களில், பொம்மை விலகிய ஃபிரேம்களில் இருந்து சுவரை எடுத்துக் கம்பி இருந்த இடத்தில் ஒட்டியிருக்கிறாய். நிறுத்திப் பார்த்தால் ஒட்டுத் தெரியவில்லை. ஓடவிட்டால் தெரிகிறது. 35 மி.மீ. ஃபிலிமில் கிரெயின், அதாவது படத்தின் பொடிப்புள்ளிகள், ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறிக் கொதித்துக்கொண்டே இருக்கும். ஒரே ஃபிரேமில் இருந்து எடுத்து ஒட்டிய பட்டை மட்டும் செத்துக் கிடக்கிறது. பொம்மையின் உச்சந்தலைக்கு மேலே நெட்டுக்குத்தாக ஒரு அசையாத கோடு. ஏழெட்டு ஃபிரேமைச் சராசரி எடுத்துக் கிரெயின் இல்லாத சுவரை முதலில் உண்டாக்கு. பிறகு அந்தந்த ஃபிரேமில் பக்கத்துச் சுவரின் கிரெயினைப் பிரித்து அதன் மேல் தூவு. தொடரில் வரும் சீமாட்டி லேடி பெனலோப்பின் சிகரெட் புகையை மென்பொருள் கம்பி என்று நினைத்துத் தின்றுவிட்டது, கவனித்தாயா? கையில் ஹோல்டர் இருக்கிறது, புகை இல்லை. அங்கெல்லாம் மென்பொருள் தொடக்கூடாத இடத்தை மறைக்கும் மாஸ்கைக் கையால் வரையாமல் தப்பிக்க வழி கிடையாது.

அதைவிட மோசம், நடுவில் புது ஃபிரேம்களைச் செருகி விநாடிக்கு 60 ஆக்கியது. பொம்மையின் தலைக்குள் இருக்கும் சோலனாய்டு என்ற மின்காந்தச் சுருளுக்குத் தெரிந்தது இரண்டே நிலை: உதடு திற, மூடு. நடிகர்கள் முன்கூட்டியே பேசிப் பதிந்த வசனத்தை மின்துடிப்பாக மாற்றி அதற்கு அனுப்பினார்கள். துடிப்பு வந்தால் கீழுதடு இறங்கும், நின்றால் ஏறும். 'டக்' என்று நடக்கிற காரியம். நீ செருகிய ஃபிரேம்களில் அந்த உதடு பாதி திறந்து ரப்பர் மாதிரி இழுபடுகிறது. பெனலோப்பின் கார் டிரைவர் பார்க்கர் பேசுகிற இடத்தைப் போட்டுப் பார். 2024 செப்டம்பரில், 99 வயதில் போய்ச் சேர்ந்த டேவிட் கிரஹாமின் குரல் அது. அந்த மனிதர் ஒவ்வொரு அசையையும் வெட்டி வெட்டி வைத்துப் பேசியிருக்கிறார். உன் பார்க்கரோ வாயில் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுகிறான்.

துடிப்பு எந்த வழியாகத் தலைக்குள் போனது என்று உனக்கே தெரியும். தெரிந்தவன் அதை அழுக்கு மாதிரி துடைத்ததுதான் எனக்கு ஆறவில்லை. 0.005 அங்குலம், அதாவது மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு தடிமன் உள்ள டங்ஸ்டன் எஃகுக் கம்பி. 22 அங்குலப் பொம்மையைத் தாங்குவது, கண்ணை இடவலமாகத் திருப்புவது, வசனத்தின் மின்சாரத்தைக் கொண்டுபோவது, எல்லாம் இந்தக் கம்பிகளின் வேலை. இன்னும் தடியாக இருந்தால் திரையில் தெரியும், மெல்லிசாக இருந்தால் அறும். ஒரு இடத்தில் மடங்கினால் அந்த மடிப்பிலேயே அறும். வெளிச்சம் பட்டுப் பளபளத்தால் பின்னணியின் நிறத்தில் பொடியை ஊதி மங்கவைத்தார்கள். பொம்மை வெள்ளைச் சுவரில் இருந்து இருட்டுக் கதவுப் பக்கம் போனால் ஒரு நிறம் இரண்டு பின்னணிக்கும் பொருந்தாது. கிறிஸ்டின் கிளான்வில்லும் மேரி டர்னரும் செட்டுக்கு மேலே போட்ட பாலத்தில் நின்று இதையெல்லாம் ஆட்டினார்கள். சாதாரணமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்: இரண்டரை மீட்டர் கம்பியில் எதைத் தொங்கவிட்டாலும் ஒரு முறை ஆடி வர மூன்று விநாடிக்கு மேல் ஆகும். பொம்மை நின்ற பிறகும் உடம்பு ஆடப் பார்க்கும். அந்த ஆட்டத்தை அடக்கிக்கொண்டே தலையைக் கொஞ்சம் சாய்த்து 'யோசிக்கிற' பாவனையைக் கொண்டுவர வேண்டும்.

நடை வராதது இதனால்தான். பாதம் தரையைத் தொடுமே தவிர, எடை பாதத்தில் இறங்காது. விமானம், வண்டி மாதிரியான சின்ன மாடல்களுக்கு இருந்த தப்பிக்கும் வழியும் பொம்மைகளுக்கு இல்லை. மாடலைக் கேமராவை வேகமாக ஓட்டி எடுத்துவிடலாம்: 25-இல் ஒரு பங்கு அளவு மாடல் என்றால் வர்க்கமூலம் 5, ஆக 24-க்குப் பதில் விநாடிக்கு 120 ஃபிரேம், வெடிப்பும் தூசியும் பெரிய பொருளின் நிதானத்துக்கு வந்துவிடும். பொம்மைக்கு வாய் வசனத்தோடு கட்டியிருக்கிறது, மெதுவாக்க முடியாது.

அதனால் என்ன செய்தார்கள்? நடையையே கதையில் இருந்து எடுத்தார்கள். மீட்பு வண்டிகளை ஓட்டுகிற அண்ணன் தம்பிகள் அதில் ஏறப் போகிற விதத்தைப் பார். ஸ்காட் சுவரில் சாய்ந்து நிற்பான், சுவர் சுழன்று அவனை உள்ளே கொண்டுபோகும். விர்ஜில் ராக்கெட் படத்தில் முதுகைச் சாய்த்தால் படம் கவிழ்ந்து தலைகீழாகச் சறுக்குவான். ஆலன் சோபாவில் உட்கார்ந்தபடியே தரைக்குள் இறங்குவான். நீச்சல் குளம் நகர்வதும் பனைமரங்கள் சாய்வதும் இதன் தொடர்ச்சிதான். உலகமே கொண்டாடுகிற அந்தப் புறப்பாடு, கம்பியில் தொங்குகிறவனால் அறையைக் கடக்க முடியவில்லை என்ற சங்கடத்தில் பிறந்தது. கம்பியை அழித்துவிட்டு அதே புறப்பாட்டைப் பார்த்தால், நல்ல திடகாத்திரமான ஆண்கள் நாலு எட்டு நடக்கச் சோம்பல்பட்டு சோபாவோடு இறங்குகிறார்கள்.

முதல் எபிசோடில் அந்த எலிவேட்டர் கார் ஷாட். சொல்ல வந்தது இதைத்தான். சக்கரத்தில் தரையிறங்க முடியாத ஃபயர்ஃபிளாஷ் விமானத்தை, எலிவேட்டர் கார் என்ற ஓடுகிற வண்டிகளின் மேல் இறக்க வேண்டும். ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் பார்த்த டெரெக் மெடிங்ஸ் அதற்கு ஓடுபாதையையே பட்டையாக்கிச் சுற்றவிட்டார், பின்னால் வானம் தனிப் பட்டை. விமானம் இருந்த இடத்திலேயே இருக்கும். உலகம் அதன் கீழே ஓடும். முன்னால் இருப்பது வேகமாக, தூரத்தில் இருப்பது மெதுவாக ஓடினால்தான் கண் நம்பும். இப்படியெல்லாம் திட்டம் போட்டு எடுக்கும்போது ஒரு வண்டியை இழுத்த கம்பி அறுந்தது. வண்டி வளைந்து பாதையை விட்டு ஓடியது. வேறு யாராக இருந்தாலும் 'கட்' சொல்லி அடுத்த டேக் போயிருப்பார்கள். இவர்கள் அதை வைத்துக்கொண்டு, ஓரத்தில் நிற்கிற விமானத்தில் அது மோதுகிற ஷாட்டைக் கூடுதலாக எடுத்துச் சேர்த்தார்கள். மாற்று வண்டி வருகிறது, நேரம் போகிறது, நமக்கு மூச்சு முட்டுகிறது. அறுந்த கம்பி எழுதிய காட்சி அது, தம்பி. அங்கே போய் நீ கம்பியைத் துடைத்ததோடு நிற்காமல், வண்டியின் துள்ளலையும் 'நிலைப்படுத்தி' மழுக்கியிருக்கிறாய். கம்பி தெரிகிறதே என்று சிரிக்கிறவர்களுக்குப் பயந்து வேலை செய்யும் பழக்கம் உனக்கு எப்போது வந்தது?

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். தொடரை உருவாக்கிய ஜெர்ரி ஆண்டர்சனுக்கே பொம்மை பிடிக்காது, நிஜ நடிகர்களை வைத்துப் படம் எடுக்கத்தான் ஆசை, இந்த மென்பொருள் கையில் இருந்தால் அவரே முதல் ஆளாக அழித்திருப்பார். இருக்கலாம். 1967-இல் கேப்டன் ஸ்கார்லெட் என்ற அடுத்த தொடருக்கு சோலனாய்டை மார்புக்கு இறக்கித் தலையைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தார். கம்பியே இல்லாமல் கீழிருந்து ஆட்டுகிற பொம்மைகளும் வந்தன. அளவு சரியாகிவிட்டது, பாதி நேரம் உட்கார்ந்தே இருக்கிறார்கள், முகம் மெழுகு. 1969-இல் தி சீக்ரெட் சர்வீஸ் தொடரில் நடக்க வேண்டிய இடத்துக்கு நிஜ நடிகர் ஸ்டான்லி அன்வினையே நடக்கவிட்டார். அந்த ஆசையை ஒவ்வொரு படியாகத் திரையில் பார்க்கலாம். ஆசைப்பட்டது கிடைக்கக் கிடைக்க, எனக்குப் பிடித்தது குறைந்துகொண்டே போனது. இது ரசனை, சண்டை போட்டுத் தீர்க்கிற விஷயம் இல்லை. ஆனால் அவர் செய்யாததை அவர் பெயரைச் சொல்லி நீ செய்யாதே.

ஜெர்ரி, அவரோடு சேர்ந்து தொடரை உருவாக்கிய அவர் மனைவி சில்வியா இருவரில் எது யாருடைய யோசனை என்ற வழக்கையும் போன தடவை இழுத்தாய். இருவரும் இப்போது இல்லை. இங்கே பலர் படிக்கிறார்கள். அதில் நான் வாய் திறக்கவில்லை. உனக்கு இந்த வேலையைக் கொடுத்தது யார், எவ்வளவு கொடுத்தார்கள் என்பதையும் எழுதவில்லை. உனக்குப் பணம் தேவைப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதை முன்பே என்னிடம் கேட்டிருக்கலாமே என்றுதான் வருத்தம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று நீ கேட்பாய். சரி, விடு.

2015-இல் 50-ஆம் ஆண்டுக்கு, பழைய ஒலிப்பதிவுகளை வைத்து முதலில் எடுத்த அதே ஸ்லவ் ஊரிலேயே மூன்று புது எபிசோட் எடுத்தார்களே, அதில் கம்பியைக் கம்பியாகவே விட்டார்கள். கம்ப்யூட்டர் தெரியாதவர்களா அவர்கள்? அதே வருடம் வந்த கணினிப் பதிப்பில் கம்பிக்கு வேலையே இல்லை. அது வேறு பொருள், அதில் எனக்குப் புகாரும் இல்லை.

ஒப்பந்தத்தில் இருந்து வெளியே வர முடியாது என்றால் இதையாவது செய். 60 ஃபிரேமைத் தூக்கி எறி. கிரெயினை மேலே சொன்னபடி திரும்பப் போடு. எலிவேட்டர் கார் ஷாட்டை ஸ்கேனில் இருந்தபடியே வை, துள்ளலோடு. பெனலோப்பின் புகைக்கு மாஸ்க் வரைய நேரமில்லை என்றால் அந்த ஃபிரேம்களை எனக்கு அனுப்பு, நான் வரைந்து தருகிறேன். பெயர் மட்டும் வேண்டாம்.

அண்ணன்