மூன்றாம் தந்தி

மாட்டுங்கா, மும்பை.

அன்புள்ள குழந்தைக்கு,

அப்பாவின் அநேக ஆசீர்வாதங்கள். நானும் அம்மாவும் நலம். இங்கு மழை இன்னும் விடவில்லை. நீ விட்டுச்சென்ற பழைய கிதாரின் தந்திகளில் துரு ஏறிவிட்டதால் ஆறையும் மாற்றினேன். மாற்றும்போது தோன்றியவற்றைத்தான் எழுதுகிறேன், வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

பெங்களூரில் அன்று பாட்டுக்குப் பாட்டு நீ குனிந்து டியூனர் பெடலை மிதித்துச் சுருதி சேர்த்தாய். ஒவ்வொரு முறையும் இறங்கியிருந்தது மூன்றாம் தந்திதான். தந்தியை விரலால் இழுத்து வளைத்துவிட்டு நீ விடும்போது, அது கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் ‘நட்’ என்ற பட்டையின் பள்ளத்தில் சிக்கிக்கொண்டு பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. அதனால்தான் சுருதி இறங்குகிறது. அம்மாவின் வீணையில் மேருவுக்கு உள்ள அதே வேலைதான் கிதாரில் நட்டுக்கும். தந்தியை முறுக்கும் கீயைத் திருப்பும்போது ‘டிக்’கென்று ஒரு சத்தம் வந்தால் குற்றவாளி அந்தப் பள்ளம்தான் என்று தெரிந்துகொள். பென்சில் முனையால் அதற்குள் தேய்த்துவிடு, போதும்.

கீக்குள் இருப்பது வார்ம் கியர், அதாவது திருகு ஒன்று சுழற்றும் பற்சக்கரம். 31 ஆண்டுகள் ரயில்வே பணிமனையில் பற்சக்கரங்களோடு பழகியவன் சொல்கிறேன்: பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே எப்போதும் கொஞ்சம் தொய்வு இருக்கும். சுருதி ஏறிவிட்டால் அப்படியே இறக்கி நிறுத்தாதே. தேவைக்கும் கீழே இறக்கிவிட்டு, மீண்டும் ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்து. புதுத் தந்தி போட்டால் கையால் இழுத்து இழுத்து விட்டு, அது இளகி முடிந்த பிறகே மேடைக்குக் கொண்டுபோ. விளக்குச் சூட்டிலும் தந்தி இளகும் என்பதால், மேடையேறிச் சற்று நேரம் கழித்து ஒருமுறை சரிபார்.

உன் புதுக் கிதாரில் தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பாலம் ஸ்பிரிங்கில் மிதப்பது. ஆறு தந்திகள் ஒரு பக்கமும் ஸ்பிரிங்குகள் மறுபக்கமும் ஏறக்குறைய 40 கிலோ அளவுக்கு இழுத்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்றை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்கும். இது தெரியாமல் அன்று சுருதி இறங்கியதற்குக் காரணம் உன் பதற்றம் என்று நினைத்துவிட்டேன். இத்தனையையும் சமாளித்து, இருட்டில், நூறு பேருக்கு முன்னால் நீ வாசித்தாய் என்பது இங்கே மேசையில் உட்கார்ந்து கழற்றிப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. பணிமனையில் எங்களுக்கு யாரும் கைதட்டவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

பென்சில் தேய்க்க மறந்துவிடாதே. வாசித்து முடித்ததும் வியர்வையைத் துடைத்து வை. இவற்றை எல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் 11 ஞாயிறுகளாக அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஒருமுறையும் மணி அடிக்கவில்லை. பெரியவர்கள் வாயில் ஒரு வார்த்தை வந்துவிட்டால் அதற்காக இத்தனை நாள் பேசாமலிருப்பதா? உன் நண்பர்களுக்கு முன்னால் “சுருதியே நிற்கவில்லையே” என்று நான் சொன்னது தவறுதான். அந்த வாக்கியத்தைச் சொல்ல உலகத்தில் எவனுக்கும் உரிமை உண்டு, எனக்கு மட்டும் இல்லை.

2014-இல் உன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு முந்தைய மாதங்களில், நீ தூங்கிய பிறகு கூடத்தில் இருந்த கிதாரின் மூன்றாம் கீயைக் கால் சுற்று தளர்த்திவிடுவேன். முழுவதும் தளர்த்தினால் உனக்குத் தெரிந்துவிடும் என்று கணக்காகக் கால் சுற்று. வெறுத்துப்போய்ப் புத்தகத்தை எடுப்பாய் என்று எதிர்பார்த்தேன். நீயோ தீபாவளிக்குக் கிடைத்த பணத்தை எல்லாம் சேர்த்து ஆறு கீகளையும் மாற்றினாய். அதன் பிறகும் நான் நிறுத்தவில்லை. ஒருநாள் நீ என்னிடம் வந்து, “அப்பா, என் காதில்தான் கோளாறா?” என்று கேட்டாய். “இருக்கலாம்” என்றேன்.

அன்று நீ கழற்றிய ஆறு கீகளும் என் இழுப்பறையில்தான் இருக்கின்றன. நேற்று எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றிலும் பழுதில்லை.

அம்மாவுக்கு இது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நீ பேசுவதாக இருந்தால், அதற்கு முன் நானே அவளிடம் சொல்லிவிடுகிறேன்.

அப்பா