கொள்ளிடக் கரை மரத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். படித்துறைக்குக் கீழ்ப்புறம் கரையோரம் மரம் வளர்க்கும் திருப்பணி நிறைவடைந்தது. குழி, வேலி, கோடைத் தண்ணீர் எல்லாம் திட்டப்படியே நடந்தன. வரவு செலவுத் தாள் தனியே இணைத்துள்ளோம்.

"செத்த செடிக்கு ஏன் கூலி கொடுத்தீர்கள்?" என்று சென்ற கூட்டத்தில் கேட்டார்கள். அதற்கு விரிவாகவே பதில் சொல்கிறோம்.

2024 ஜூலை 30 அன்று மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது. முக்கொம்பிலிருந்து உபரிநீர் கொள்ளிடத்தில் திரும்பியது. திருச்சியில் ஆற்றுக்குள் நின்ற உயரழுத்த மின்கோபுரமே சாய்ந்த வெள்ளம் அது. வடிந்த பிறகு பார்த்தால் கன்றுகளில் இலையே இல்லை. "எல்லாம் போச்சு, பிடுங்கிவிட்டுப் புதிதாக நடுகிறேன்" என்று ஒப்பந்தக்காரர் இரண்டாவது பில்லை நீட்டினார். மறுத்தோம். வாக்குவாதம் முற்றி, ஆட்களை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏன் மறுத்தோம்? நீர் தேங்கினால் மண்ணில் காற்று இருக்காது, வேர் மூச்சுமுட்டும். அந்த வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் தண்ணீரில் நின்றபடியே இலை வாடி உதிர்கிறது. ஆனால் பட்டையை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை. புங்கன் கன்றுகளில் தண்ணீர் நின்ற மட்டத்தில் தண்டு சற்றுப் பருத்து, வெள்ளைப் பொரிகள் எழும்பி, அங்கிருந்தே புதுவேர் விட்டிருந்தது. செத்த செடி வேர் விடுமா?

ஆளுயரக் கன்று எதற்கு, விலை அதிகமாயிற்றே என்றவர்களுக்கும் இதுவே பதில். நுனி வெளியே நின்றால் காற்று தண்டு வழியாக வேருக்கு இறங்கும். நாள்கணக்கில் முழுதாக மூழ்கும் சின்னக் கன்றுக்கு அந்த வழி இல்லை.

சரி, அந்தக் கூலி எதற்கு? தண்டைச் சுற்றிப் படிந்த வண்டலை எடுக்க. மண்வெட்டி பட்டால் புதுவேர் அறுந்துவிடும் என்று மேலத்தெருப் பெண்கள் கையாலேயே அள்ளினார்கள். அவர்களுக்குக் கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் தகும். புரட்டாசியில் நீர்மருதும் நாவலும் அடித்தண்டிலிருந்தே துளிர்த்தன. வேம்பை மேட்டில்தான் நட வேண்டும் என்று சொல்லியிருந்தோம். அதை மீறி ஒப்பந்தக்காரர் பள்ளத்தில் ஊன்றியவை ஒன்றும் பிழைக்கவில்லை.

கம்பி தந்த இரும்புக்கடைக்காரர், மூங்கில் தந்த வடக்குத்தெருச் சகோதரர்கள், சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பிய நம் ஊர்ப் பிள்ளைகள், டிராக்டரோடு டீசலும் போட்ட பால் சொசைட்டிக்காரர், ஆடு மாடு அண்டாமல் இரவு பகலாகக் காவல் இருந்த பெரியவர், எல்லாருக்கும் குழுவின் நன்றி.

பள்ளத்துக் குழிகளில் இப்போது புங்கன் நட்டிருக்கிறோம். பிடித்து வைத்த தொகையைக் கேட்டு ஒப்பந்தக்காரர் கடிதம் போட்டிருக்கிறார். புங்கன் நட்ட செலவைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்க உறுப்பினர்களின் ஒப்புதலைக் கோருகிறோம்.