பெற்றுக்கொண்டேன், ஏற்றுக்கொள்ளவில்லை

அன்பு மகளுக்கு,

உங்கள் கம்பெனி விற்பனைக் கமிஷனைக் குறைத்துச் சுற்றறிக்கை அனுப்பியிருப்பதைச் சொல்லி, நேற்று ராத்திரி போனில் "விடும்மா, ரெண்டு பர்சென்ட்தானே" என்று வைத்துவிட்டாய். எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கமிஷன் 6 சதவீதத்திலிருந்து 4 ஆனால், நீ அதே அளவு விற்றாலும் கைக்கு வருவதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதோடு டார்கெட்டில் 80 சதவீதத்தைத் தொடாவிட்டால் ஒன்றுமே கிடையாதாம். 79-ல் நின்றால் பூஜ்யம். பழைய திட்டத்தில் முதல் விற்பனையிலிருந்தே உனக்குப் பங்கு இருந்தது. இந்தச் சுற்றறிக்கையை எழுதியவருக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும். நான் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அப்படி ஒரு சுற்றறிக்கையை ஒரு காலத்தில் டைப் அடித்தவளே நான்தான்.

இதை உன்னிடம் சொன்னதில்லை. நீ பிறப்பதற்கு முன்னால் ஒரு கம்பெனியின் சம்பளப் பிரிவில் இருந்தேன். காலாண்டின் இரண்டாவது மாதம் முடியப்போகும் நேரம். மேனேஜர் கைப்பட எழுதிய தாள் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். விற்பனைப் பிரதிநிதிகளுக்குக் கமிஷன் குறைகிறது, காலாண்டின் முதல் நாளிலிருந்தே அமல். "மேலே என்ன தேதி சார்?" என்று கேட்டேன். "ஒண்ணாம் தேதின்னே போடுங்க" என்றார். போட்டேன். 14 உறை ஒட்டினேன்.

13 பேர் முணுமுணுத்துவிட்டு அடங்கிவிட்டார்கள். ஒருவர் மட்டும் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தார். அதில் கோபமே இல்லை. ஆர்டர் எண், ஆர்டர் பிடித்த தேதி, பழைய விகிதம், வரவேண்டிய தொகை என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஏழெட்டு வரி. அடியில், சுற்றறிக்கை தன் கைக்கு வந்த தேதியை எழுதி, "தபால் புத்தகத்தில் என் கையெழுத்தைப் பார்க்கவும்" என்று முடித்திருந்தார். உறையை வாங்குபவர் தேதியோடு கையெழுத்துப் போடும் அந்தப் புத்தகம் என் மேஜையில்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்து மேனேஜர் வந்து, "அவருக்கு மட்டும் பழைய ரேட்ல போட்டுடுங்க, வெளியே சொல்ல வேண்டாம்" என்றார். அதையும் செய்தேன். மற்ற 13 பேரின் பணம் கம்பெனியிலேயே தங்கிவிட்டது. அவர்களில் ஒருவர் தினமும் என்னோடு ஒரே பஸ்ஸில் வருவார்.

அந்த மனிதர் பிடித்துக்கொண்ட நூலைத்தான் நீயும் பிடிக்க வேண்டும். இனிமேல் செய்யப்போகும் வேலைக்கு விகிதத்தை மாற்ற, ஒப்பந்தம் இடம் கொடுத்தால், முதலாளியால் பெரும்பாலும் முடியும். உனக்குப் பிடிக்காமல் போகலாம், அது வேறு விஷயம். ஆனால் பழைய விதிப்படி நீ முடித்துக் கொடுத்த விற்பனைக்குப் புது விதியைக் கொண்டுவந்து மாட்டுவது வேறு கதை. சம்பாதித்து முடித்த கமிஷனைப் பல நாட்டுச் சட்டங்கள் சம்பளமாகவே பார்க்கின்றன. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1949-லேயே ஊதியப் பாதுகாப்புக்கென்று ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது, 95-ஆம் எண். பெயர் எதுவாக இருந்தாலும், பணக் கணக்கில் சொல்ல முடிகிற, செய்த வேலைக்கோ செய்யப்போகும் வேலைக்கோ ஒப்பந்தப்படி தர வேண்டியது ஊதியம்தான் என்கிறது அது. அந்த ஒப்பந்தம் எழுத்தில் இல்லாமல் வாய்ப்பேச்சாக இருந்தாலும் சரி. ஊதிய நிபந்தனைகள் மாறும்போது தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் உண்டு. எல்லா நாடுகளும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை, நீ இருக்கும் இடத்தின் சட்டத்தைத் தனியாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

இப்போது உன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரையும் கமிஷன் திட்டத்தையும் எடு. கமிஷன் எப்போது "உன்னுடையது" ஆகிறது என்று தேடு. ஆர்டர் கையெழுத்தானபோதா, பில் போட்டபோதா, வாடிக்கையாளர் பணம் கட்டியபோதா? உன் சண்டை முழுக்க அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. பணம் கட்டிய பிறகுதான் என்று பழைய திட்டத்திலேயே இருந்தால், போன மாதம் நீ முடித்த ஆர்டர்கள் இன்னும் நடுவில் தொங்குகின்றன, வாதம் கொஞ்சம் கடினம். ஆர்டர் அன்றே என்றிருந்தால் கவலையே இல்லை. "திட்டத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும், பார்த்துப் பயந்துவிடாதே. மாற்றலாம் என்பதற்கும் முன்தேதியிட்டு மாற்றலாம் என்பதற்கும் நிறைய தூரம்.

போனஸ் சமாசாரம் இவ்வளவு தெளிவாக இருக்காது. இத்தனை விற்றால் இவ்வளவு என்று சூத்திரம் போட்டுச் சொன்ன போனஸ், கமிஷன் மாதிரிதான். "நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது" என்று எழுதியிருந்தால் உன் பிடி தளரும். அப்போதும் மனம்போன போக்கில், ஒருவரைப் பழிவாங்குவதற்காக அந்த விருப்பத்தைப் பயன்படுத்த முடியாது என்று சொன்ன நீதிமன்றங்கள் உண்டு. லீவு முடிந்து வந்த பெண்களின் விற்பனைப் பகுதிகளை மட்டும் குறைத்தார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னாயே, அதைத் தனியாகக் குறித்து வை. அது பாகுபாட்டுப் புகார், கமிஷன் கணக்கை விடப் பெரிய விஷயம்.

"வேலையை விட்டுடலாம் போலிருக்கு" என்றும் சொன்னாய். விடுவதாக இருந்தாலும், பணம் கொடுக்கும் நாளன்று வேலையில் இருந்தால்தான் போனஸ் என்ற விதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடு. பல இடங்களில் அந்த விதி செல்லுபடியாகும். கோபத்தில் பத்து நாள் முன்னால் கடிதம் கொடுத்து ஒரு வருஷ போனஸைத் தொலைத்தவர்களின் கணக்கை நானே முடித்துக் கொடுத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும் என்கிறார்களாம். "பெற்றுக்கொண்டேன்" என்பதற்கும் "ஏற்றுக்கொள்கிறேன்" என்பதற்கும் நடுவில்தான் உன் பணம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒரே ஒரு பொத்தான்தான் இருக்கிறது, அதில் ஏற்கிறேன் என்றுதான் போட்டிருக்கிறது என்றால், அமுக்குவதற்கு முன்னால் ஒரு மெயில் அனுப்பு. "புதிய திட்டம் கிடைத்தது. இது அறிவிக்கப்பட்ட தேதிக்கு முன் நான் முடித்த விற்பனைகளுக்குப் பழைய விகிதமே பொருந்தும் என்று புரிந்துகொள்கிறேன். இல்லை என்றால் எழுத்தில் தெரிவிக்கவும்." அவ்வளவு போதும். ஒன்றும் சொல்லாமல் மாதக்கணக்கில் வேலை பார்த்துக்கொண்டே இருந்தால், நீ ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள், பல சட்டங்களும் அப்படித்தான் பார்க்கும். புகார் கொடுக்கும் கெடுவும் சில நாடுகளில் மாதக் கணக்கில்தான். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதே.

சம்பளச் சீட்டுகள், பழைய கமிஷன் திட்டம், டார்கெட் மெயில் எல்லாவற்றுக்கும் பிரதி வைத்துக்கொள். ஆனால் வாடிக்கையாளர் பட்டியலை உன் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதே. நியாயம் உன் பக்கம் இருக்கும்போது அவர்கள் கையில் ஒரு குற்றத்தை நீயே கொடுத்தது போலாகிவிடும். ஆர்டர் எண்ணும் தேதியும் தொகையும் போதும், கையால் எழுதிக்கொள். உன்னோடு இருக்கும் மற்றவர்களிடமும் பேசு. ஒருவர் கேட்டால் ஒருவருக்கு மட்டும் ரகசியமாகக் கொடுப்பார்கள், அதை நான் கண்ணால் பார்த்தவள்.

கட்டம் போட்டு எழுதி முடித்ததும் எனக்கு ஒரு போட்டோ அனுப்பு. வியாழன் ராத்திரிக்குள் வந்துவிட்டால் கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன். கூட்டலில் நீ சின்ன வயசிலிருந்தே கொஞ்சம் அவசரக்காரி.

அன்புடன்,
அம்மா