லென்ஸ் கொடுத்தால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகனுக்குக் கெரட்டோகோனஸ். கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கும் நோய். முதலில் கருவிழி மேலேயே உட்காரும் கடின லென்ஸ் கொடுத்தார்கள். பார்வை தெளிந்தது. ஆனால் சாயங்காலமானால் கண் செக்கச் சிவந்து, மணல் விழுந்ததுபோல் உறுத்தும். கூம்பின் நுனியில் லென்ஸ் உரசிக்கொண்டே இருந்தால் தழும்பு விழலாம் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

இப்போது ஸ்கிளீரல் லென்ஸ். இது கருவிழியைத் தொடாமல், வெள்ளை விழியில் தங்குகிறது. நடுவே சலைன் என்ற கிருமியற்ற உப்புநீர் நிற்பதால் கண் அவ்வளவாகக் காய்வதில்லை. காலையில் அவன் முகத்தைக் குனிந்து, கிண்ணம் போன்ற லென்ஸில் சலைனைத் ததும்ப ஊற்றி, ஒரு குமிழிகூட வராமல் பொருத்துவான். பார்க்கிற எனக்கு மூச்சு நின்றுவிடும்.

சரி, இதிலும் ஆபத்து உண்டு. சில நாள் மதியத்துக்குள் அந்த நீர் கலங்கிப் பார்வை மங்கும். கழற்றிப் புதிதாக ஊற்ற வேண்டும். போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது. குழாய்த் தண்ணீர் படவே கூடாது. அதில் இருக்கக்கூடிய அகாந்தமீபா என்ற கிருமி பார்வையையே பறித்துவிடும்.

லென்ஸ் தரும் ஒவ்வொரு இடத்திலும் இதைத் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். கண்ணின் மேற்பரப்பைச் சோதிக்க அடுத்து வர வேண்டிய தேதியையும் அதிலேயே எழுதிக் கொடுங்கள்.

ஒரு தாய், மதுரை