பார்த்தவர் கையில் வாக்கு: ஓவியப் போட்டிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சமூக ஓவியப் போட்டிக் குழுவினருக்கு,

வணக்கம்.

இந்த ஆண்டுப் போட்டியின் ஓவியங்கள் மண்டபச் சுவர்களிலிருந்து இறங்கி அவரவர் வீடுகளுக்குத் திரும்பிவிட்டன. அடுத்த ஆண்டுக்கான விதிமுறைகளை நீங்கள் எழுதத் தொடங்குமுன் என் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். மொரீசியசின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். பொதுமக்களின் வாக்கைக் கொண்டு பரிசு வழங்கிய உங்கள் முடிவுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. அந்த வாக்கு நடந்த முறையை நினைத்தால் வருத்தம் மேலிடுகிறது. இரண்டில் ஒன்றை மறைத்து மற்றதை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

முதலில் நன்றி. திருமணத்துக்கும் காவடி நாட்களின் அன்னதானத்துக்கும் மட்டுமே நம்மவர் நுழையும் அந்த மண்டபத்துக்கு, ஓவியம் பார்ப்பதற்கென்றே மக்கள் வந்ததை இந்த ஆண்டுதான் கண்டேன். குடியேற்றம் என்று நீங்கள் தந்த கருப்பொருள், பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து வந்து போர்ட் லூயி நகரை எழுப்பிய கொத்தர்களையும் தச்சர்களையும், 1834 முதல் 1920 வரை இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இத்தீவில் இறங்கிய ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேரையும் ஒருசேர நினைக்க வைத்தது. தம் வாக்குக்கும் மதிப்பு உண்டு என்று அறிந்ததால்தான், ஓவியம் படித்தவர்களுக்கு உரியது என்று ஒதுங்கியிருந்தவர்கள் படத்தின்முன் நின்று வாய் திறந்து பேசினார்கள்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் மாலை, எண்பதை நெருங்கும் முதியவர் ஒருவர், பின்னர் முதற்பரிசு பெற்ற அந்தப் பெரிய ஓவியத்தின்முன் நெடுநேரம் நின்றார். கரும்பு வெட்டுவோரின் வரிசை அது. வண்ணங்கள் கண்ணைப் பறித்தன. அவர் என் பக்கம் திரும்பி, "இந்தப் பையன் முழங்கால் உயரத்தில் வெட்டுகிறானே, சர்க்கரை அடியில் அல்லவா இருக்கிறது" என்று நம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொன்னார். சொன்னதோடு நில்லாமல், அந்த இடத்திலேயே இடுப்பை வளைத்து, இல்லாத கரும்பை இடக்கையால் பற்றி, வலக்கையைத் தரையை ஒட்டி ஒரே வீச்சாக வீசிக் காட்டினார். அங்கே நின்றிருந்த நான்கைந்து சிறுவர்களும் அவரைப் பார்த்து வளைந்தார்கள். கரும்பின் இனிப்பு அடித்தண்டில்தான் மிகுதி என்பதும், அதனால்தான் வெட்டுபவர் நாள் முழுவதும் குனிந்தே நிற்க வேண்டியிருந்தது என்பதும் அந்தப் பிள்ளைகளுக்கு அன்று அந்தச் சுவரின் அருகே தெரிந்தன. ஓவியக் கலை பயின்ற நடுவர் ஒருவர் வண்ணத்தையும் அமைப்பையும் பற்றி எவ்வளவோ சொல்லியிருப்பார்; இதைச் சொல்லியிருக்க மாட்டார். பொதுமக்களின் தீர்ப்புக்கு ஓர் அறிவு உண்டு என்று அன்று முழுமையாக நம்பினேன்.

அந்த முதியவரால் வாக்களிக்க முடியவில்லை. வாக்களிக்கத் திறன்பேசி வேண்டும். அவரிடம் இருந்தது எண்களை அழுத்திப் பேசும் பழைய கைபேசி.

அதே மாலையில் பாரிசில் இருக்கும் என் தம்பி மகன் வாக்களித்தான். ஓவியங்களில் ஒன்றைக்கூட அவன் நேரில் கண்டதில்லை. அவனிடம் வாக்குக் கேட்டவள் நான்தான். என் அண்ணன் மகள், பதின்மூன்று வயதுப் பெண், கப்பலின் மேல்தளத்தை வரைந்து போட்டிக்கு அனுப்பியிருந்தாள். நீங்கள் அனுப்பிய இணைப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அறுபதுக்கும் மேற்பட்ட உறவினரை ஒவ்வொருவராகக் கேட்டு வாக்குப் போட வைத்தேன். "போட்டுவிட்டோம்" என்ற பதில்கள் நிமிடத்துக்கொன்றாக வந்தன. அவளுக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. பரிசளிப்பு முடிந்து வீடு திரும்பும்போது காரின் பின்னிருக்கையிலிருந்து அவள் என்னிடம் கேட்டாள்: "அத்தை, பாய்மரத் துணியின் மடிப்பில் நான் வைத்த பறவையை யாராவது கண்டுபிடித்தார்களா?" நம் கடற்கரைப் பாறைகளில் கூடு கட்டும், நீண்ட வாலுடைய வெள்ளைப் பறவையை அவள் அந்த மடிப்பில் ஒளித்து வைத்திருக்கிறாள். அறுபது பேரில் ஒருவரும் அதைப் பற்றிச் சொல்லவில்லை. நானும் பார்த்திருக்கவில்லை. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் இருந்த நேரம்தான் இந்த மடலின் தொடக்கம்.

எங்கள் குடும்பம் செய்ததையே மற்றக் குடும்பங்களும் செய்தன. யாரையும் குறை சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் பெரிய குடும்பமும் வெளிநாட்டு உறவும் இல்லாதவருக்கு என்ன நேர்ந்தது என்பதை நீங்கள் அறிய வேண்டும். கோவில் வாசலில் மாலை கட்டும் அம்மையார் ஒருவர், கரியும் சுண்ணாம்பும் கொண்டு அட்டையில் ஓர் ஓவியம் வரைந்திருந்தார். எரிமலைப் பாறை நிறைந்த இந்த மண்ணைக் கரும்புக்காகப் பண்படுத்தியபோது நம் முன்னோர் கையால் பொறுக்கி அடுக்கிய கருங்கற் குவியல்களை இன்றும் வயல்களின் நடுவே பார்க்கிறோம் அல்லவா? அத்தகைய குவியல் ஒன்றுதான் அந்தப் படம் முழுவதும். கைபேசித் திரையில் அது ஒரு கறுப்புத் திட்டாகவே தெரிந்தது. நேரில் அருகே சென்றால் ஒவ்வொரு கல்லும் வேறாக இருந்தது. விரல் நுனியால் தேய்த்த தடம் கல்லுக்குக் கல் மாறியது. கீழே, இடப்பக்கத்துக் கல் ஒன்றில் மட்டும் மஞ்சளும் குங்குமமும் பூசியிருந்தது. சுமந்த கற்களுக்குள் ஒன்றைத் தெய்வமாக்கி வைத்த மனிதர் யாரோ அங்கே நிற்பது போல எனக்குத் தோன்றியது. அந்த ஓவியம் பெற்ற வாக்குகள் இருபதைத் தொடவில்லை. போதாக்குறைக்கு, "கல் சுமந்த காலம்" என்ற அதன் தலைப்பு அட்டையில் "கள் சுமந்த காலம்" என்று அச்சாகியிருந்தது. முதல் நாளே சுட்டிக்காட்டினேன். கடைசி நாள்வரை அது திருத்தப்படவில்லை. தமிழ் படிக்கத் தெரிந்தவர் குறைந்துவரும் நாட்டில், உள்ள தமிழையாவது பிழையின்றி எழுதி வைப்பது நம் கடமை.

உங்கள் அறிவிப்பில், இந்த வாக்கெடுப்பு குடவோலை முறையைக் கையாண்ட நம் முன்னோரின் வழி என்று எழுதியிருந்தீர்கள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்வது வேறு. அங்கே ஊர்ச் சபையின் வாரியம் எனும் குழுக்களுக்கு ஆள் தேர்ந்தபோது பெரும்பான்மை எண்ணப்படவில்லை. நிலம், வீடு, கல்வி, 35 முதல் 70 வரையிலான வயது என்று தகுதி பார்த்த பின்னரே பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சிறுவன் ஒருவன் குடத்திலிருந்து ஓலையை எடுத்தான். நிலமும் வேதக் கல்வியும் கேட்ட அந்தத் தகுதிகள் இன்று நமக்கு ஏற்றவை அல்ல. ஆனால் முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லாமல், அவருடைய உறவினரும் விலக்கப்பட்டார்கள் என்பதையும் அதே கல்வெட்டு விரிவாகச் சொல்கிறது. உறவு தீர்ப்பை எப்படி வளைக்கும் என்பதை அந்தச் சபையினர் அறிந்திருந்தார்கள். அவர்கள் பெயரைச் சொல்லிக்கொள்ள விரும்பினால் அந்த எச்சரிக்கையையும் நாம் ஏற்க வேண்டும்.

பழையபடி நடுவர் மூவரிடமே விட்டுவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. முந்தைய போட்டிகளில் மூடிய அறையில் எடுத்த முடிவுகளுக்குக் காரணம் எதுவும் நமக்குச் சொல்லப்பட்டதில்லை. பரிசு பெற்றவருக்கும் பெறாதவருக்கும் அவை ஒரே அளவு புதிராக இருந்தன. அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் 2009இல் தொடங்கிய ஆர்ட்பிரைஸ் போட்டி இந்தச் சிக்கலை நமக்குமுன் சந்தித்திருக்கிறது. இரண்டரை இலட்சம் டாலர் முதற்பரிசை மக்கள் வாக்கே முடிவு செய்தது. ஆனால் வாக்களிப்போர் அந்நகருக்கு நேரில் வந்து தம் பதிவை உறுதி செய்ய வேண்டியிருந்தது. 2014இல் அவர்கள் மக்கள் வாக்குக்கு இரண்டு இலட்சம், நடுவர் தீர்ப்புக்கு இரண்டு இலட்சம் என்று பரிசைச் சமமாகப் பிரித்தார்கள். ஆஸ்திரேலியாவில் உருவப்பட ஓவியத்துக்கு வழங்கும் ஆர்ச்சிபால்ட் பரிசிலும் அறங்காவலர் தேர்வு ஒன்று, மக்கள் தேர்வு ஒன்று என்று இரண்டும் தனித்தனியே இருக்கின்றன.

ஆகவே பொதுமக்கள் வாக்கை நீக்காதீர்கள். அதை மண்டபத்துக்குள் கொண்டுவாருங்கள். உள்ளே வருபவர் கையில் ஒரு துண்டுச்சீட்டைக் கொடுங்கள். எல்லா ஓவியங்களையும் சுற்றி வந்தபின் அவர் அதைப் பெட்டியில் இடட்டும். தமக்குப் பிடித்த ஓவியத்தில் தாம் கண்ட ஒன்றை அவர் ஒரு வரியில் எழுதட்டும். எழுத இயலாதவர் சொல்ல, அருகிருப்பவர் எழுதிக் கொள்ளலாம். அந்த வரிகளை ஓவியருக்கே கொடுத்துவிடுங்கள். கடையிலும் விடுதியிலும் முறை வேலை செய்வோருக்காகச் சில நாட்களிலாவது இரவு ஒன்பது மணிவரை கதவு திறந்திருக்க வேண்டும். நடக்க இயலாதவர்களை அழைத்துவர, காவடியன்று கோவில்கள் வண்டி ஏற்பாடு செய்வதுபோல் ஏற்பாடு செய்யலாம். வெளிநாட்டு உறவினர் வாழ்த்து அனுப்பட்டும், வாக்கு வேண்டாம். எங்கள் குடும்பத்தின் அறுபது வாக்குகள் இதனால் ஏழோ எட்டோ ஆகும் என்பதை அறிந்தே இதைக் கேட்கிறேன். நடுவர் பரிசு ஒன்றையும் தனியே வையுங்கள். நடுவர்கள் தம் காரணத்தை ஒரு பக்கம் எழுதி ஓவியத்தின் அருகில் ஒட்டட்டும்.

வாக்குப் பெட்டியின் அருகே உட்கார ஆள் இல்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். கண்காட்சி நடக்கும் நாள் முழுவதும் நான் வருகிறேன். தலைப்பு அட்டைகளை அச்சுக்குக் கொடுக்குமுன் என்னிடம் அனுப்பினால், அன்றே திருத்தித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருத்தி,
ரோஸ் ஹில், மொரீசியஸ்.